கோப்புறைகள் நாம் விரும்பும் தோற்றத்தில் திறக்க: விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரை ஒழுங்குபடுத்தும் முறை

ஒரு கோப்புறையைத் திறந்தால் பெரிய பெரிய படங்கள் வந்து நிற்கின்றன. அடுத்ததைத் திறந்தால் வெறும் பட்டியல். மூன்றாவதில் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ என்று துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இதைச் சரிசெய்ய உட்காருபவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு கோப்புறையாக மாற்றிக்கொண்டே போகிறார்கள், அல்லது ஒரே பொத்தானை அழுத்தி எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் பயன் தருவதில்லை.

விண்டோஸ் ஒவ்வொரு கோப்புறையையும் ஏதாவது ஒரு வகையில் சேர்த்து வைத்திருக்கிறது என்பதும், மொத்தமாகச் செய்யும் மாற்றம் எதுவும் அந்த வகையின் எல்லையைத் தாண்டாது என்பதும் தெரிந்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் வகை, பிறகு தோற்றம், அதன் பிறகு மொத்தமாகப் பொருத்துதல், கடைசியில் விதிவிலக்குகள். இந்த வரிசை மாறினால் செய்த வேலையை அடுத்த படியே அழித்துவிடும்.

கீழே உள்ள படிகள் விண்டோஸ் 11-க்கு எழுதப்பட்டவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்றாலும் அதை இன்னும் பயன்படுத்துவோர் இருப்பதால், வேறுபடும் இடங்களில் குறிப்பு தரப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் விற்கப்படும் கணினிகளில் பெரும்பாலும் ஆங்கிலப் பட்டிகளே இருக்கும். திரையில் தேடுவதற்கு எளிதாக அப்பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

உங்கள் சொந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தோற்ற அமைப்புகள் கணினிக்கு அல்ல, கணக்குக்கு உரியவை. வீட்டில் ஒரே மடிக்கணினியைத் தந்தையும் மகளும் தனித்தனிக் கணக்குகளில் பயன்படுத்தினால், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. பள்ளி வழங்கிய மடிக்கணினியாகவோ அலுவலகக் கணினியாகவோ இருந்தால் சில தெரிவுகள் பூட்டப்பட்டிருக்கலாம்; அவற்றை உடைத்துத் திறக்க முயல வேண்டாம்.

அடுத்தது தேதி வடிவம். ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதியில் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ சென்று, ‘ரீஜனல் ஃபார்மேட்’ என்பதில் சிங்கப்பூர் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க வடிவம் இருந்தால் 3/4/2026 என்பது மார்ச் 4-ஆம் தேதியைக் குறிக்கும். நாம் அதை ஏப்ரல் 3 என்று படிப்போம். தேதிப்படி அடுக்கிய பட்டியல் தாறுமாறாக இருப்பதாகச் சொல்வோரின் கணினியில் பல நேரங்களில் அடுக்கு சரியாகவே இருக்கும். படிப்பவர்தான் மாற்றிப் படித்திருப்பார்.

மூன்றாவதாக, கோப்புறைகளைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரரில் (திறக்கும் வழி அடுத்த பகுதியில்) ‘வியூ’, பிறகு ‘ஷோ’, பிறகு ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்து வையுங்கள். ஒரு கோப்பு பிடிஎஃப் ஆவணமா, படமா, வேர்டு கோப்பா என்பது பெயரின் கடைசியில் தெரியும். எந்தக் கோப்புறையை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவெடுக்க அது உதவும். ஆவணம் போலப் பெயர் வைத்து வரும் தீங்கான மென்பொருள்களை அடையாளம் காணவும் உதவும்.

திறந்து கிடக்கும் எக்ஸ்ப்ளோரர் சாளரங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரம் பழைய தோற்றத்தையே காட்டிக்கொண்டிருந்தால், மாற்றம் நடக்கவில்லை என்று எண்ணி அதே வேலையை மறுபடி செய்யத் தொடங்கிவிடுவீர்கள்.

2. எக்ஸ்ப்ளோரர் எந்த இடத்தில் திறக்க வேண்டும்

விண்டோஸ் விசையுடன் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். மேற்பட்டையில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி ‘ஆப்ஷன்ஸ்’ தெரிவுசெய்தால் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ என்ற சிறு பெட்டி வரும். விண்டோஸ் 10-இல் ‘வியூ’ தாவலின் வலக்கோடியில் ‘ஆப்ஷன்ஸ்’ இருக்கும்.

பெட்டியின் ‘ஜெனரல்’ தாவலில் முதல் வரியே ‘ஓப்பன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டு’ என்பது. அதில் ‘ஹோம்’, ‘திஸ் பிசி’ ஆகியவை இருக்கும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் உள்நுழைந்திருந்தால் அதுவும் வரும். விண்டோஸ் 10-இல் ‘ஹோம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘குவிக் அக்சஸ்’ இருக்கும்.

பிறரும் பார்க்கும் கணினியாக இருந்தால் ‘திஸ் பிசி’ நல்லது என்பது என் கருத்து. ‘ஹோம்’ பக்கம் அண்மையில் திறந்த கோப்புகளை வரிசையாகக் காட்டும். துணைப்பாட ஆசிரியர் ஒருவர் மடிக்கணினியைத் திரையுடன் இணைத்து எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால், முந்தின இரவு பார்த்த மத்திய சேம நிதி அறிக்கையின் பெயர் வகுப்பு முழுவதற்கும் தெரியும். ‘ஹோம்’ வேண்டும், ஆனால் இந்தப் பட்டியல் வேண்டாம் என்றால், அதே தாவலின் கீழ்ப்பகுதியில் ‘பிரைவசி’ என்ற இடத்தில் அண்மைக் கோப்புகள், அடிக்கடி திறக்கும் கோப்புறைகள் ஆகியவற்றுக்கான குறிகளை எடுத்துவிட்டு, பக்கத்தில் உள்ள ‘கிளியர்’ பொத்தானை அழுத்துங்கள். அது பட்டியலை மட்டுமே துடைக்கும், கோப்புகளைத் தொடாது.

நாம் விரும்பும் ஏதோ ஒரு கோப்புறையை இந்த வரியில் தொடக்க இடமாகக் கொடுக்க முடியாது. அதற்கான மாற்று வழி எட்டாம் பகுதியில் உள்ளது.

3. ஒவ்வொரு கோப்புறையும் எந்த வகை என்று தீர்மானித்தல்

பெரும்பாலோர் தாண்டிவிடும் படி இதுதான். மற்றப் படிகள் பலிப்பதும் பலிக்காமல் போவதும் இதைப் பொறுத்தது.

விண்டோஸிடம் ஐந்து வகைகள் (வார்ப்புகள்) உள்ளன: ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’, ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’, ‘மியூசிக்’, ‘வீடியோஸ்’. நாம் எதையும் சொல்லாவிட்டால், உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்த்து விண்டோஸ் தானாகவே ஒன்றை ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறும்போதுதான் தொல்லை.

சிராங்கூன் சாலையில் சிறு கடை நடத்தும் ஒருவரின் ‘ரசீதுகள்’ கோப்புறையை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் விநியோகிப்பாளர்கள் மின்னஞ்சலில் அனுப்பிய பிடிஎஃப் ரசீதுகள் மட்டும் இருந்தன; தேதியும் அளவும் வரிசையாகத் தெரிந்தன. பிறகு தாள் ரசீதுகளைத் திறன்பேசியில் படமெடுத்து அதே கோப்புறையில் போடத் தொடங்கினார். படங்கள் பெருகியதும் விண்டோஸ் அதைப் ‘பிக்சர்ஸ்’ வகையாகக் கருதிப் பெரிய சின்னங்களாகக் காட்ட ஆரம்பித்தது. பொருள் சேவை வரிக் கணக்குக்காக ஒரு காலாண்டின் ரசீதுகளைத் தேதிவாரியாகப் பார்க்க வேண்டிய நேரத்தில், தேதி நிரலே இல்லாத படக்குவியல்தான் கண்முன் நிற்கிறது. வணிகக் கணக்குப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் வரி விதி. அத்தனை ஆண்டுகளின் ரசீதுகளை இப்படி வைத்துக்கொண்டு எதையும் தேடி எடுக்க முடியாது.

துணைப்பாட ஆசிரியர்களுக்கு இதே தொல்லை ‘மியூசிக்’ வடிவில் வரும். மாணவர்களின் வாய்மொழிப் பயிற்சி ஒலிப்பதிவுகள் நிறைந்த கோப்புறையை விண்டோஸ் பாட்டுத் தொகுப்பு என்று எண்ணிக்கொண்டு, பாடகர், ஆல்பம் ஆகிய நிரல்களைக் காட்டும். எந்த மாணவர் எப்போது பதிவுசெய்தார் என்பது தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். கோப்புறையின்மீது வலச்சொடுக்கிட்டு ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘கஸ்டமைஸ்’ தாவலுக்குச் செல்லுங்கள். ‘ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்’ என்ற பட்டியலில், பட்டியலாகப் பார்க்க விரும்பும் கோப்புறைகளுக்கு ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ கொடுங்கள். உள்ளே மாதவாரியாகவோ மாணவர்வாரியாகவோ துணைக் கோப்புறைகள் இருந்தால், கீழே உள்ள ‘ஆல்சோ அப்ளை திஸ் டெம்ப்ளேட் டு ஆல் சப்ஃபோல்டர்ஸ்’ என்ற கட்டத்தையும் குறியிட்டு ‘ஓகே’ அழுத்துங்கள்.

‘டாக்குமென்ட்ஸ்’ வகையைக் கொடுத்தாலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆயினும் சிலவற்றுக்கு ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’, சிலவற்றுக்கு ‘டாக்குமென்ட்ஸ்’ என்று கலந்து கொடுக்காதீர்கள். அவை இரு வேறு வகைகள் என்பதால் ஆறாம் படியை இரண்டு முறை செய்ய வேண்டி வரும். ஒருமுறை செய்துவிட்டு ‘பாதிதான் மாறியது’ என்று திகைப்பவர்களின் கணினியில் காரணம் இதுவே. பட்டியலுக்கு ஒரே வகை, உண்மையான புகைப்படங்களுக்குப் ‘பிக்சர்ஸ்’: பெரும்பாலான வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இந்த இரண்டே போதும்.

4. பழைய தோற்றத்தைத் துடைத்தல்

வகை கொடுத்த கோப்புறை ஒன்றுக்குள் சென்று, அங்கிருந்தபடியே மூன்று புள்ளிகள் வழியாக ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து, இம்முறை ‘வியூ’ தாவலுக்குச் செல்லுங்கள். மேலே ‘ரீசெட் ஃபோல்டர்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கேட்கப்படும் கேள்விக்கு ‘யெஸ்’ சொல்லுங்கள். அந்த வகைக் கோப்புறைகளில் மாதக்கணக்கில் கைபோன போக்கில் செய்திருந்த மாற்றங்கள் நீங்கிவிடும்.

இதைச் செய்யாமலும் அடுத்த படிக்குப் போகலாம். ஆனால் பிறகு ஏதாவது ஒரு கோப்புறை மாற மறுக்கும்போது, அது பழைய அமைப்பின் மிச்சமா, வகைக் குழப்பமா என்று பிரித்தறிய முடியாது.

இதே தாவலின் அடியில் ‘ரிஸ்டோர் டிஃபால்ட்ஸ்’ என்று இன்னொரு பொத்தான் உண்டு. அது நடுவில் உள்ள குறிக்கட்டங்களின் நீண்ட பட்டியலை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் பொத்தான். அதை அழுத்தினால் கோப்புறைகளின் தோற்றம் மாறாது. முதற்படியில் தெரியவைத்த கோப்புப் பின்னொட்டுகள்தான் மீண்டும் மறைந்துபோகும்.

5. ஒரு மாதிரிக் கோப்புறையை முழுமையாக அமைத்தல்

கோப்புகள் நிறைய உள்ள ஒரு கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள். காலியான கோப்புறையில் நிரல்களின் அகலத்தைச் சரியாக முடிவுசெய்ய இயலாது.

‘வியூ’ பட்டியில் ‘டீடெயில்ஸ்’ தெரிவுசெய்யுங்கள். விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதுவே வரும். அடுத்து ‘சார்ட்’ பட்டியில் ‘குரூப் பை’ என்பதற்குள் சென்று ‘நன்’ கொடுங்கள். அடுக்குவதும் தொகுப்பதும் வெவ்வேறு செயல்கள். அடுக்கு முறையை எத்தனை முறை மாற்றினாலும் ‘யெஸ்டர்டே’ போன்ற தலைப்புகள் போகாததற்குத் தொகுப்பு அப்படியே இருப்பதுதான் காரணம்.

நிரல் தலைப்புகளின்மீது வலச்சொடுக்கிட்டால் எந்தெந்த நிரல்கள் வேண்டும் என்று குறியிடலாம். பெயர், ‘டேட் மாடிஃபைட்’, வகை, அளவு ஆகிய நான்கும் பெரும்பாலும் போதும். ‘டேட் கிரியேட்டட்’ நிரலைச் சேர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒரு கோப்பை இன்னோர் இடத்துக்கு நகலெடுத்தால் நகலெடுத்த நாளே அதன் உருவாக்கத் தேதியாகிவிடும்; கடைசியாகத் திருத்திய தேதி மாறாது. பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு உருவாக்கத் தேதியால் எந்தப் பயனும் இல்லை. அதே வலச்சொடுக்குப் பட்டியில் ‘சைஸ் ஆல் காலம்ஸ் டு ஃபிட்’ கொடுத்தால் நிரல்களின் அகலம் உள்ளடக்கத்துக்கு ஏற்ப அமையும்.

அடுக்கும் வரிசைக்கு, பெயர் நிரலின் தலைப்பை ஒருமுறை சொடுக்குங்கள். எக்ஸ்ப்ளோரர் எண்களை எண்களாகவே படிக்கும் என்பதால் ‘பயிற்சி 2’ என்பது ‘பயிற்சி 10’-க்கு முன்பே வரும். 02 என்று சுழியம் சேர்க்கத் தேவையில்லை. தேதியைப் பெயரில் சேர்ப்பவர்கள் மட்டும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-03-05 என்பதுபோல எழுதினால், பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் அமையும். தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் தமிழ்ப் பெயர்கள் வரும். அப்படிப் பிரிவதை விரும்பாதவர்கள் ஒவ்வொரு பெயரின் முன்னும் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்வதே எளிய வழி.

6. அந்த வகை முழுவதற்கும் பொருத்துதல்

மாதிரிக் கோப்புறையை விட்டு வெளியே வராமல், ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘வியூ’ தாவலில் ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். இவ்வகைக் கோப்புறைகள் எல்லாம் இதேபோல இருக்கட்டுமா என்ற கேள்வி வரும். ‘யெஸ்’ சொல்லி, பிறகு ‘ஓகே’ அழுத்துங்கள்.

இங்கே நான் பார்க்கும் மிகப் பொதுவான தடுமாற்றம், பெட்டியின் அடியில் உள்ள ‘அப்ளை’ என்ற பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடுவது. மேலே இருப்பது தோற்றத்தைப் பிற கோப்புறைகளுக்குக் கொண்டுசெல்லும் பொத்தான். அடியில் இருப்பது குறிக்கட்டங்களில் செய்த மாற்றத்தைச் சேமிப்பதற்கு மட்டுமே. கேள்விப்பெட்டி எதுவும் வராவிட்டால் நீங்கள் அழுத்தியது தவறான பொத்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் நீங்கள் ‘ஹோம்’ பக்கத்திலோ ‘திஸ் பிசி’யிலோ நிற்கிறீர்கள். சாதாரணக் கோப்புறை ஒன்றுக்குள் சென்று மறுபடி திறந்தால் பொத்தான் உயிர்பெறும்.

இனி ஒரு புகைப்படக் கோப்புறைக்குள் சென்று, நான்காம் படியிலிருந்து ஆறாம் படி வரை ‘பிக்சர்ஸ்’ வகைக்கும் செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், 2 அழுத்தினால் பெரிய சின்னங்கள் வரும். குடும்பப் படங்களை ‘டேட் டேக்கன்’ வரிசையில் அடுக்குவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணப் படமாக வந்தவற்றில் படமெடுத்த தேதி நீக்கப்பட்டிருக்கும், அவை அந்த வரிசையில் தனியே ஒதுங்கி நிற்கும். தீபாவளிப் படங்களில் பாதி உறவினர்கள் அனுப்பியவை என்றால், பெயர் வரிசையே குறைந்த தொல்லை.

7. விதிவிலக்குகளைக் கடைசியில் செய்தல்

ஆறாம் படி அந்த வகையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையின் தனி அமைப்பையும் மேலெழுதிவிடும். அதனால்தான் ‘இது மட்டும் வேறு மாதிரி வேண்டும்’ என்பவற்றை இப்போது, எல்லாம் முடிந்த பிறகு, தொட வேண்டும். அந்தக் கோப்புறைக்குள் சென்று தோற்றத்தை மாற்றிவிட்டு வெளியேறினால் போதும்; விண்டோஸ் அதைத் தனியே நினைவில் வைத்துக்கொள்ளும்.

‘டவுன்லோட்ஸ்’ கோப்புறைக்குத் தனி இயல்பு உண்டு. அது தொடக்கத்திலேயே தேதிவாரியாகத் தொகுக்கப்பட்டு வரும். மேலே செய்த மாற்றங்கள் அதைத் தொடாமல் போகும். அதற்குள் சென்று ‘குரூப் பை’ என்பதில் ‘நன்’ கொடுத்து, ‘டேட் மாடிஃபைட்’ தலைப்பைச் சொடுக்கிப் புதியவை மேலே வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

8. விரும்பிய கோப்புறைக்கு நேரே செல்லுதல்

அன்றாடம் தேவைப்படும் கோப்புறையின்மீது வலச்சொடுக்கிட்டு ‘பின் டு குவிக் அக்சஸ்’ கொடுத்தால் இடப்பக்கப் பலகத்தின் மேற்பகுதியில் அது நிலையாக நிற்கும். அதே கோப்புறையை இழுத்துக் கீழே பணிப்பட்டையில் விட்டால், அங்குள்ள எக்ஸ்ப்ளோரர் சின்னத்தை வலச்சொடுக்கும்போது வரும் பட்டியலில் அது சேர்ந்துவிடும். எக்ஸ்ப்ளோரரைத் திறக்காமலே நேராகக் கோப்புறைக்குள் போகலாம். மேசைத்திரையில் வேண்டும் என்பவர்கள் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலச்சொடுக்கிட்டு, ‘சென்ட் டு’ பட்டியில் ‘டெஸ்க்டாப்’ கொடுத்து ஒரு குறுக்குவழி அமைத்துக்கொள்ளலாம்.

நான்கு அல்லது ஐந்துக்கு மேல் பொருத்த வேண்டாம். இருபது கோப்புறைகளைப் பொருத்தி வைத்தவர் மறுபடி தேடத்தான் செய்கிறார்.

9. இடப்பக்கப் பலகம்

கோப்புறைக்குள் செல்லச் செல்ல இடப்பக்கக் கிளைகளும் கூடவே விரிய வேண்டுமானால், பலகத்தின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கிட்டு ‘எக்ஸ்பாண்ட் டு’ என்று தொடங்கும் தெரிவைக் கொடுங்கள். வரிகளுக்கு இடையே இடைவெளி அதிகமாகத் தோன்றினால் ‘வியூ’, ‘ஷோ’, ‘காம்பாக்ட் வியூ’. தொடுதிரையில் விரலால் இயக்குபவர்களுக்கும் மூத்தோருக்கும் இடைவெளி இருப்பதே வசதி.

10. எல்லாம் செய்த பிறகும் சரிவராதபோது

ஒரு கோப்புறை மட்டும் மீண்டும் மீண்டும் பழைய வகைக்குத் திரும்பினால், யாராவது ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ என்ற கோப்பை அழித்திருக்கலாம். மூன்றாம் படியில் கொடுத்த வகை அந்தச் சிறு கோப்பில்தான் எழுதி வைக்கப்படுகிறது. வழக்கமாக அது கண்ணுக்குத் தெரியாது. மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி யாரேனும் மாற்றி வைத்திருந்தால் வெளிப்படும், நச்சு மென்பொருள் என்று பயந்து அழித்துவிடுவார்கள். வகையை மறுபடி கொடுத்தால் புதிதாக உருவாகிவிடும். எழுதும் அனுமதி இல்லாத அலுவலகப் பொதுக் கோப்புறையில் வகையை மாற்ற முடியாததற்கும் காரணம் இதுவே: அந்தக் கோப்பை அங்கே எழுத இயலாது.

வகை கோப்புறைக்குள்ளேயே எழுதப்படுகிறது. ஆனால் அடுக்கு, நிரல்கள், சின்ன அளவு ஆகியவை உங்கள் கணக்கில்தான் பதிகின்றன. எனவே யுஎஸ்பி வட்டில் கோப்புறையை எடுத்துச் சென்று சமூக மன்றத்துக் கணினியில் திறந்தால், வீட்டில் செய்த அமைப்பு அங்கே வராது. அங்கே கோளாறு எதுவும் இல்லை.

ஒரே கோப்புறையை இடப்பக்கப் பலகம் வழியாகத் திறந்தால் ஒரு தோற்றமும், பல கோப்புறைகளை ஒன்றாகத் திரட்டிக் காட்டும் ‘லைப்ரரீஸ்’ வழியாகத் திறந்தால் வேறு தோற்றமும் வரலாம். விண்டோஸ் அவற்றை இரு வேறு இடங்களாகக் கருதுகிறது. எந்த வழியாக வழக்கமாகச் செல்கிறீர்களோ அந்த வழியாகச் சென்றே அமைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி எல்லா வகைகளையும் ஒரேயடியாக ஒன்றாக்கும் முறை இணையத்தில் பரவலாகக் கிடைக்கிறது. அது வேலை செய்யும். ஆனால் புகைப்படக் கோப்புறைகளும் பட்டியலாகிவிடும், ஒரு வரியைத் தவறாக அழித்தால் திரும்பப் பெறுவது கடினம். மேலே சொன்ன படிகளைச் செய்தவருக்கு அதன் தேவை ஏற்படுவதில்லை.

வேர்டிலோ உலாவியிலோ கோப்பைச் சேமிக்கும்போது வரும் ‘சேவ் ஆஸ்’ பெட்டியிலும், கோப்பை இணைக்கும்போது வரும் ‘ஓப்பன்’ பெட்டியிலும் தோற்றம் தனியே பதியும். எக்ஸ்ப்ளோரரில் செய்தது அங்கே செல்லாது. அந்தப் பெட்டி திறந்திருக்கும்போதே, உள்ளே வெற்றிடத்தில் வலச்சொடுக்கிட்டு ‘வியூ’, ‘குரூப் பை’ ஆகியவற்றை அங்கேயும் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.